கேளாமல் வீசிய வாள்

மன்னன் மாண்டான், மாதேவியும் உடன் மாண்டாள், மாமதுரை எரிந்தது. சிலப்பதிகாரத்தின் இந்தக் கட்டத்தை எடுத்துரைக்காத இலக்கிய மேடை தமிழகத்தில் இல்லை. சொற்பொழிவாளர் குரல் தழுதழுக்கும். "தவறென்று தெரிந்த மறுகணமே தன்னுயிரைத் தந்து நீதியை நிலைநாட்டினானே பாண்டியன், எந்த நாட்டிலே உண்டு இப்படியொரு வேந்தன்!" என்பர். கையொலி எழும், கூட்டம் கலையும். வீடு திரும்பும் இளைஞன் உள்ளத்திலே ஒரு கருத்து மெல்லக் குடியேறிவிடும். ஆள்பவன் நல்லவனாக இருந்தால் போதும், நீதி தானாக நிலைக்கும் என்னும் கருத்து!

அந்தக் கருத்தைத்தான் நாம் இங்கே ஆராய எடுத்துக்கொள்கிறோம். இளங்கோவின் காப்பியத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. முடி சூடிய மன்னனை விட்டுவிட்டு, வணிகன் ஒருவனையும் அவன் மனைவியையும் காப்பியத்தின் நடுவிலே நிறுத்திய துணிவு போற்றத்தக்கது. கணவனை இழந்த பெண்ணொருத்தியை அரசவைக்கு அனுப்பி, ஆட்சியையே கூண்டிலேற்றிய திறம் போற்றத்தக்கது. ஆனால் போற்றுவது வேறு, பூசிப்பது வேறு. பூசிப்பவன் கண்ணை மூடிக்கொள்கிறான். ஆராய்பவன் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பாண்டியன் உயிர் துறந்தது நீதியா? இல்லை என்கிறோம் நாம். அது மானம், அது மனச்சான்றின் துடிப்பு, மதிக்க வேண்டிய துயரம். ஆனால் நீதி என்பது வாள் வீசப்படுவதற்கு முன்பு நடக்க வேண்டிய செயல். வாள் வீழ்ந்த பின்பு நடப்பதற்கு இரங்கல் என்று பெயர். ஒரு மன்னன் அல்ல, ஓராயிரம் மன்னர்கள் அரியணையிலிருந்து வீழ்ந்தாலும் கோவலனின் வாழ்நாளில் ஒரு நாளைத் திருப்பித் தர முடியுமா?

வழக்கை வழக்காகப் பார்ப்போம்

குற்றம் சாட்டுபவன் யார்? அரண்மனைப் பொற்கொல்லன். அரசியின் சிலம்பைக் களவாடியவனே அவன்தான். களவு வெளிப்படுமுன் அவனுக்கு ஒரு கள்வன் தேவை. அந்த நேரம் பார்த்து வெளியூரான் ஒருவன், ஊரிலே உறவும் இல்லாதவன், உதவிக்கு ஆளும் இல்லாதவன், ஒற்றைச் சிலம்பைக் காட்டி விலை கேட்கிறான். தேவை தீர்ந்தது!

தீர்ப்பளிப்பவன் எந்நிலையில் இருக்கிறான்? ஆடல் மகளிரின் கூத்தில் மன்னன் மனம் சென்றது கண்டு அரசி ஊடிச் சென்றுவிட்டாள். அவள் ஊடலைத் தீர்க்க அமைச்சர் சுற்றத்தை நீங்கி அந்தப்புரம் நோக்கி விரைகிறான் வேந்தன். அரியணையிலே அல்ல, ஆன்றோர் சூழவும் அல்ல, நடைவழியிலே அவன் காலில் விழுகிறான் பொற்கொல்லன். கள்வன் அகப்பட்டான், என் குடிலில் இருக்கிறான் என்கிறான். நீ சொல்வதற்குச் சான்று என்ன என்று மன்னன் கேட்கவில்லை. அந்த மனிதன் என்ன சொல்கிறான் என்றும் கேட்கவில்லை. ஊர்க் காவலரை அழைக்கிறான். அரசியின் சிலம்பு அவன் கையில் இருக்குமானால் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டு வாருங்கள் என்கிறான். மேலே நடந்துவிடுகிறான்.

இங்கே உரை மரபில் ஒரு சமாதானம் சொல்வது உண்டு. கொல்வதற்காக அவனைச் சிலம்போடு கொண்டு வருக என்று கூறத்தான் மன்னன் எண்ணினானாம். வினை வந்து நாவைப் புரட்டிவிட, 'கொன்று' என்னும் சொல் வந்துவிட்டதாம்! இந்தச் சமாதானத்தையே ஏற்றுக்கொள்வோம். அதன் பொருள் என்ன? ஓர் எழுத்துப் பிழைக்கு ஓர் உயிர் விலையாகும் நாடு அது. மன்னனின் நா இடறினால் திருத்துவார் இல்லை. ஆணை மீண்டும் ஒருமுறை படிக்கப்படும் வழக்கம் இல்லை. மன்னனைக் காப்பாற்ற வந்த உரை, மன்னனின் ஆட்சிமுறையைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

அடுத்து வருவது காப்பியத்திலேயே மிகக் கூரிய பகுதி. மேடைகள் அதனை மறந்துவிடுகின்றன. காவலர் கோவலனைப் பார்க்கிறார்கள். பார்த்ததும் தயங்குகிறார்கள். இவனுடைய தோற்றம் கள்வனின் தோற்றமன்று, கொல்லத்தக்கவன் அல்லன் என்கிறார்கள். கல்லாத காவலருக்குக் கூட ஐயம் எழுகிறது! பொற்கொல்லன் சிரிக்கிறான். கள்வர்க்கென்று ஒரு நூல் உண்டு. மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்னும் எட்டும் அவர்க்குத் துணை. அதனால்தான் கள்வன் கள்வனாகத் தோன்றுவதில்லை என்று விளக்குகிறான்.

தோழர்களே, இந்த வாதத்தின் நஞ்சை உற்று நோக்குங்கள். கள்வனைப் போல் இருந்தால் கள்வன். கள்வனைப் போல் இல்லாவிட்டால், திறமை மிக்க கள்வன். மறுத்தால், கள்வர் மறுக்கத்தானே செய்வர்! மௌனமாயிருந்தால், மௌனமே ஒப்புதல்! எந்தப் பக்கம் திரும்பினாலும் தப்ப வழியில்லாத வலை. குற்றம் சாட்டுபவனிடம் மெய்ப்பிக்கும் சுமையைக் கேட்காத நாட்டில், குற்றம் சாட்டப்பட்டவன் தன் குற்றமின்மையை எந்தச் சான்றாலும் மெய்ப்பிக்க முடியாது. காவலர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே, கள்ளுண்ட காவலன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். வழக்கு முடிந்தது.

கோவலன் வாய் திறந்து ஒரு சொல் சொல்ல வாய்ப்பு உண்டா? இல்லை. தன்மேல் சாட்டப்பட்டிருக்கும் குற்றம் இன்னதென்றாவது எவரேனும் அவனிடம் கூறினரா? இல்லை.

பின்னர்தான் கண்ணகி வருகிறாள். விசாரணையை அவள் நடத்துகிறாள்! என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். எம்முடையது முத்து என்கிறான் மன்னன். சிலம்பு உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது, உண்மை வெளிப்படுகிறது. எவ்வளவு நேரம் ஆயிற்று? சில விநாடிகள்! இந்தச் சோதனையை முன்னதாகவே நடத்தியிருக்கலாம். சிலம்பும் இருந்தது, அரண்மனையும் இருந்தது, அரசியும் இருந்தாள். எது தடுத்தது? ஒன்றும் தடுக்கவில்லை. ஆனால், நடத்தியே தீர வேண்டும் என்று மன்னனைக் கட்டுப்படுத்தும் விதி எதுவும் இல்லை. இதுதான் மதுரையை எரித்த நெருப்பின் முதற்பொறி.

ஒலிக்காத மணி

மதுரை எரியும்போது நகரின் காவல் தெய்வம் கண்ணகிமுன் தோன்றிப் பாண்டியனுக்காக வாதாடுவதாகக் காப்பியம் கூறுகிறது. அந்த வாதங்களில் ஒன்று: இந்த மன்னன் மறையோதும் ஒலியைத்தான் கேட்டிருக்கிறான், முறை வேண்டுவோர் அசைக்கும் ஆராய்ச்சி மணியின் ஒலியை அவன் கேட்டதே இல்லை.

பெருமையாகச் சொல்லப்பட்ட இந்தச் சான்று, நம் பார்வையில் பழுதான சான்று. மணி ஒலிக்கவில்லை என்பதால் குறையே இல்லை என்று ஆகிவிடுமா? மணிக்கயிற்றை எட்டிப் பிடிக்கும் தொலைவில் யார் இருந்தனர்? கோவலன் பொற்கொல்லன் குடிலருகே வெட்டுண்டான். அவன் கை மணிக்கயிற்றைத் தொட நேரம் எங்கே? செத்தவன் மணி அடிப்பதில்லை. அஞ்சியவன் மணி அடிப்பதில்லை. அடித்தால் என்ன ஆகும் என்று அறிந்தவனும் அடிப்பதில்லை. "புகாரே வரவில்லை" என்று எந்த அலுவலகம் எப்போது பெருமை பேசினாலும், அந்தப் பாண்டியனின் ஊமை மணியை நாம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அதே தெய்வம் இன்னொரு கதையும் சொல்கிறது. திருத்தங்காலைச் சேர்ந்த வார்த்திகன் என்னும் பார்ப்பனனின் மகனுக்கு, அவ்வழியே வந்த பராசரன் அணிகலன்களைப் பரிசளித்தான். அதைக் கண்டு பொறாத அரச ஊழியர், புதையலைக் கவர்ந்துகொண்டான் என்று வார்த்திகனைச் சிறையிலிட்டனர். அவன் மனைவி கார்த்திகை தரையில் புரண்டு அழுதாள். ஐயை கோயிலின் கதவு திறக்க மறுத்தது. மன்னன் திடுக்கிட்டான், விசாரித்தான், பிழையை அறிந்தான், வார்த்திகனிடம் பொறுத்தருள வேண்டினான், ஊர்களை நிலமாக ஈந்தான். சிறைக்கதவுகளையும் திறந்துவிட்டான்.

பாண்டியர் குடியின் செங்கோலுக்குச் சான்றாகச் சொல்லப்பட்ட கதை இது. நாம் இரண்டு வழக்குகளையும் அருகருகே வைத்துப் பார்க்கிறோம். இரண்டிலும் பொய்க் குற்றச்சாட்டு, இரண்டிலும் அணிகலன், இரண்டிலும் அழும் மனைவி. வார்த்திகனுக்குச் சிறை, கோவலனுக்கு வாள். சிறை கொடிதுதான்; ஆனால் பிழையைத் திருத்த அது காலம் தருகிறது. வாள் தருவதில்லை. வார்த்திகனுக்காகக் கோயிற்கதவு அடைத்துக்கொண்டது. புகாரிலிருந்து வந்த வணிகனுக்காக எந்தக் கதவும் அடைக்கவில்லை. பிறப்பைப் பார்த்துத்தான் தெய்வத்தின் கதவும் திறந்து மூடியது போலும்! அதே காப்பியத்தில், நகரை எரிக்கும் தீயிடம் விலக்கவேண்டியவர் பட்டியலைக் கண்ணகி கூறும்போது பட்டியலின் தலையில் நிற்பவரும் பார்ப்பனரே என்பதை இங்கே நினைவூட்டுகிறோம்.

ஆயிரம் பேரின் குற்றம் என்ன?

கதை மதுரையோடு முடியவில்லை. நெடுஞ்செழியனுக்குப் பின், கொற்கையிலிருந்து ஆண்ட வெற்றிவேற்செழியன் பட்டம் பெறுகிறான். நாட்டிலே மழையில்லை, வறுமை, நோய். அவற்றைத் தீர்க்க அவன் என்ன செய்தான்? பொற்கொல்லர் ஆயிரவரைக் கண்ணகிக்குப் பலியாக்கி விழா எடுத்தான் என்கிறது காப்பியம். மழையும் பெய்ததாம்!

சிலம்பின் சிறப்பை நாளெல்லாம் பேசுவோர் இந்த ஆயிரம் பேரைப் பற்றி ஏன் பேசுவதில்லை? கோவலன் ஒருவன் குற்றமின்றி மாண்டதற்காக நகரே எரிய வேண்டும் என்றால், குற்றமின்றி மாண்ட ஆயிரம் பொற்கொல்லருக்காக எத்தனை நகரங்கள் எரிந்திருக்க வேண்டும்? அவர்களுக்கு மனைவியர் இல்லையா? அவர்கள் காலில் சிலம்பு இல்லையா? ஒருவன் செய்த களவுக்கு அவன் தொழிலைச் செய்வோர் அனைவரும் பொறுப்பு. ஒருவனின் வஞ்சகத்துக்கு அவன் குலம் முழுவதும் வஞ்சகர்! விசாரணையின்றி ஒருவனைக் கொன்ற பிழைக்குக் கழுவாய், விசாரணையின்றி ஆயிரவரைக் கொல்வது!

நெடுஞ்செழியனின் மனச்சான்று அவனோடு இறந்துவிட்டது. பட்டத்துக்கு வந்தவனுக்கு முடி கிடைத்தது, செங்கோல் கிடைத்தது. அந்த மனச்சான்று கிடைக்கவில்லை. நல்ல மன்னனை நம்பியிருக்கும் நீதிக்கு இதுதான் கதி.

பழங்கதை என்று தள்ளிவிடலாகாது. 1871ஆம் ஆண்டு வெள்ளை அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்றை இயற்றியது. ஒரு மக்கட் கூட்டத்தையே வழிவழியாகக் குற்றம் புரிவோர் என்று அரசு அறிவித்துவிடலாம். அந்த அறிவிப்பு சரியா என்று எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாது என்றும் அந்தச் சட்டமே விதித்தது. 1911ஆம் ஆண்டின் சட்டத்தால் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகை பதிய வேண்டும். குறித்த நேரத்தில் அதிகாரி முன் நிற்க வேண்டும். ஊரைவிட்டுப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். தொட்டிலில் கிடக்கும் குழந்தையும் பிறப்பாலேயே ஐயத்துக்கு உரியது. "கள்வனாகத் தோன்றாவிட்டாலும் கள்வனே" என்ற பொற்கொல்லனின் வாதம், முத்திரையிட்ட சட்டமாகவே வந்து நின்றது.

சிலம்பு உடைந்த அதே மதுரைச் சீமையில், உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில், 1920 ஏப்ரல் 3ஆம் நாள் அந்தச் சட்டத்துக்குப் பணிய மறுத்த மக்கள்மீது போலீசார் சுட்டனர். பெண்ணொருத்தி உட்படப் பதினாறு பேர் மாண்டனர். அங்கே கண்ணகியும் இல்லை. உயிர் துறந்த மன்னனும் இல்லை. அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல்தான் நீங்கியது. இந்தியா முழுவதிலும் 1952இல். நீங்கிய பிறகும் வழக்கமான குற்றவாளிகள் சட்டம் என்ற பெயரில் அதன் நிழல் தொடர்ந்தது. அந்தப் பழைய முத்திரையைத் தாங்கிய சிறை விதிகளையும், சாதி பார்த்துக் கைதிகளுக்கு வேலை பிரித்த விதிகளையும் உச்ச நீதிமன்றம் செல்லாதவை என்று அறிவித்தது 2024 அக்டோபரில்தான். ஒரு சட்டத்தை எழுத ஒரு நாள் போதும். அது மக்கள் வாழ்விலே போட்ட வடு மறைய எத்தனை தலைமுறை ஆகிறது பாருங்கள்!

திரும்பத் திரும்ப வந்தது வினையா?

இத்தனைக்கும் காப்பியம் தரும் இறுதி விடை, ஊழ். முற்பிறப்பில் கோவலன் பரதன் என்னும் பெயருடன் சிங்கபுரத்து அரசனிடம் பணி செய்தானாம். கபிலபுரத்திலிருந்து வாணிகம் செய்ய வந்த சங்கமன் என்பவனைப் பகைவனின் ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொலை செய்வித்தானாம். சங்கமனின் மனைவி நீலி இட்ட சாபம் மறுபிறப்பில் வந்து பலித்ததாம்.

பகுத்தறிவாளர் இந்த விடையைக் கண்டு சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். நாம் நகரப் போவதில்லை. இந்தக் கதைக்குள் மறைந்திருக்கும் உண்மையை எடுத்து வைக்க விரும்புகிறோம். சங்கமன் எப்படி மாண்டான்? ஒருவன் குற்றம் சாட்டினான், அரசன் ஆராயவில்லை, அயலூர் வணிகன் கொலையுண்டான், மனைவி கதறினாள். கோவலன் எப்படி மாண்டான்? ஒருவன் குற்றம் சாட்டினான், அரசன் ஆராயவில்லை, அயலூர் வணிகன் கொலையுண்டான், மனைவி கதறினாள். ஊர் மாறிற்று, பெயர் மாறிற்று, பிறப்பே மாறிற்று. மாறாதது ஒன்றுதான்: கேளாமல் கொல்லும் முறை!

திரும்பத் திரும்ப வந்தது வினை அன்று, விசாரணையற்ற ஆட்சி. ஆனால் ஊழ் என்ற சொல் வந்ததும் பழி யார்மேல் விழுகிறது? வெட்டுண்டவன்மேல்! முற்பிறப்பில் நீ செய்தாய், இப்பிறப்பில் பட்டாய் என்று அவனுக்கே கணக்கு எழுதப்படுகிறது. சிங்கபுரத்து மன்னன் கேள்விக்கு ஆளாகவில்லை. மதுரை மன்னனும் ஊழின் கருவியாகிக் குற்றச்சுமையை இறக்கி வைத்துவிடுகிறான். ஊழ் என்பது ஆட்சியின் பிழையைக் குடிமகனின் கணக்கில் எழுதும் பேரேடு. ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இளங்கோ எதையும் மறைக்கவில்லை. மன்னன் ஆராயாதவன் ஆனான் என்பதையும், காவலர் தயங்கியதையும், ஆயிரவர் மாண்டதையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். மறைத்தவை மேடைகள்.

மனச்சான்று போதாது, விதி வேண்டும்

ஆள்பவனின் நெஞ்சை நம்பாமல் எழுதிய விதியை நம்புவது என்னும் எண்ணம் உலகில் எளிதாக வந்துவிடவில்லை. 1215ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ரன்னிமீட் புல்வெளியில் ஜான் மன்னன் மாபெரும் சாசனத்தை மனமுவந்து தரவில்லை. பிரபுக்கள் வாளோடு வந்து நின்றதால் தந்தான். நாட்டின் சட்டப்படியான தீர்ப்பின்றி உரிமைபெற்ற மனிதன் எவனையும் பிடிக்கவோ சிறையிடவோ கூடாது என்றது அது. பண்ணையடிமைகளுக்கு அதில் இடமில்லை. அடைத்து வைக்கப்பட்டவனை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு முறைக்கு, 1679ஆம் ஆண்டின் சட்டத்தால்தான் உறுதியான வடிவம் கிடைத்தது.

நம் நாட்டு அரசியல் சட்டம் 1950இல் நடைமுறைக்கு வந்தபோது அதன் 21ஆம் பிரிவு, சட்டம் வகுத்த முறைப்படியன்றி எவருடைய உயிரையும் உரிமையையும் பறிக்கக் கூடாது என்றது. 22ஆம் பிரிவு, பிடிபட்டவனுக்குக் காரணம் சொல்ல வேண்டும், அவன் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதிபதியின் முன் நிறுத்த வேண்டும் என்றது. கோவலனுக்குக் கிடைக்காத மூன்றும் இவைதாமே!

ஆனால் அதே 22ஆம் பிரிவு, தடுப்புக் காவலுக்கு விலக்கும் தந்தது. அதே ஆண்டில் சென்னைச் சிறையிலிருந்த பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலன் வழக்காடினார். சட்டமன்றமோ நாடாளுமன்றமோ வகுத்த முறை எதுவாயினும் போதும், அது நேர்மையானதா என்று ஆராய்வது எம் வேலையன்று என்னும் வகையில் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நின்றது. முறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்ற நிலை, 1978இல் மேனகா காந்தி வழக்கில்தான் வந்தது. 28 ஆண்டுகள்!

இடையிலே 1976 வந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், தவறாகச் சிறைப்பட்டவன் ஆட்கொணர்வு மனுவோடு நீதிமன்றம் வர இயலாது என்று ஐந்து நீதிபதிகளில் நால்வர் தீர்ப்பளித்தனர். எச்.ஆர். கன்னா ஒருவரே மறுத்தார். மறுத்ததன் விலை, மறு ஆண்டில் தலைமை நீதிபதிப் பதவி அவரைத் தாண்டி அவருக்கு இளையவருக்குப் போயிற்று. அவர் பதவி விலகினார்.

இங்கேதான் பாண்டியனுக்கும் கன்னாவுக்கும் உள்ள வேறுபாட்டைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். இருவரிடமும் மனச்சான்று இருந்தது. பாண்டியனின் மனச்சான்று வாள் விழுந்தபின் விழித்தது, அவனோடு மறைந்தது. கன்னாவின் மனச்சான்று எழுத்தில் பதிந்தது. 1978இல் 44ஆம் திருத்தம், நெருக்கடி நிலையிலும் 21ஆம் பிரிவை முடக்கக் கூடாது என்று விதித்தது. 2017இல் உச்ச நீதிமன்றமே அந்த 1976ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தவறென்று தள்ளியது. ஒருவர் நெஞ்சிலிருந்தது எல்லோருக்குமான விதியாயிற்று. இதைத்தான் நாகரிகத்தின் வளர்ச்சி என்கிறோம்.

இன்றைய பொற்கொல்லர்கள்

விதி வந்துவிட்டது, வேலை முடிந்தது என்று உறங்கலாமா? 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர் என்கிறது அரசின் கணக்கு. அவருள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நால்வரில் மூவர் இன்னும் குற்றவாளி என்று தீர்க்கப்படாதவர்! பாண்டியன் ஒரு நொடியில் வாளால் பறித்ததை, நம் காலம் தவணை முறையில் பறிக்கிறது. 1979இல் பீகார்ச் சிறைகளிலிருந்த ஏழைகளின் வழக்கு உச்ச நீதிமன்றம் வந்தபோது, சாட்டப்பட்ட குற்றத்துக்குரிய முழுத் தண்டனைக் காலத்தையும் தாண்டிச் சிலர் விசாரணையே இன்றி அடைபட்டுக் கிடந்தது வெளிப்பட்டது. விரைந்த விசாரணை உரிமையே என்று நீதிமன்றம் சொன்னது. தண்டனைக் காலத்தில் பாதியைக் கழித்த விசாரணைக் கைதிக்குப் பிணை தரும் விதி 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தது. 2024 சூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், முதன்முறை குற்றம் சாட்டப்பட்டவருக்கு மூன்றில் ஒரு பங்கு காலம் போதும் என்கிறது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்களுக்கு இது பொருந்தாது. விதி ஏட்டில் இருக்கிறது. பிணைத்தொகை கட்டப் பணமில்லாதவனும், வழக்கறிஞர் முகம் காணாதவனும், தன் உரிமையின் பெயரே அறியாதவனும் சிறையில் இருக்கிறார்கள்.

தமிழகத்தில் குண்டர் சட்டம் என்று மக்கள் அழைக்கும் 1982ஆம் ஆண்டின் தடுப்புக் காவல் சட்டம் இருக்கிறது. வழக்கு மெய்ப்பிக்கப்படாமலே ஒருவரை ஓராண்டு வரை அடைத்து வைக்க அது இடம் தருகிறது. அறிவுரைக் குழு உண்டு, உயர் நீதிமன்றத்தை நாடும் வழியும் உண்டு. ஆயினும் அடிப்படை என்ன? இவன் செய்தான் என்பதன்று. இனிச் செய்யக்கூடும் என்பது. ஆட்சிக் கட்டிலில் மாறி மாறி அமர்ந்தோர் எவரும் அதை நீக்கவில்லை. வாள் தம் கையில் இருக்கும்போது அதன் கூர்மை எவருக்கும் உறுத்துவதில்லை!

2020 சூன் மாதம் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரம் கடந்து கடை திறந்திருந்தது என்ற குற்றச்சாட்டில் தந்தையும் மகனும் காவல் நிலையம் கொண்டு செல்லப்பட்டனர். நீதிபதியின் ஆணையால் கோவில்பட்டிச் சிறைக்கும் சென்றனர். சில நாள்களுக்குள் இருவரும் உயிரிழந்தனர். காவலர்கள்மீது கொலை வழக்குத் தொடரப்பட்டது. கைது செய்யும்போது பின்பற்ற வேண்டிய நெறிகளை உச்ச நீதிமன்றம் 1996இலேயே வகுத்துத் தந்திருந்தது. நீதிபதியின் முன் நிறுத்த வேண்டும் என்ற விதியும் இருந்தது, நிறுத்தியும் ஆயிற்று. ஆனால் முன் நிறுத்தப்பட்டவனை நிமிர்ந்து பார்த்து, உடலில் காயம் உண்டா என்று கேட்க வேண்டிய கேள்வி கேட்கப்படாதபோது, விதி வெறும் சடங்காகிவிடுகிறது. சடங்கை எதிர்த்துப் பழகிய நாம் சட்டத்திலும் சடங்கு நுழைவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாகாது.

ஆகவே, இளைஞர்களுக்கு நாம் கூறுவது இது. சிலம்பைப் படியுங்கள், பாண்டியனுக்காகக் கண்ணீர் விடுவதோடு ஏட்டை மூடிவிடாதீர்கள். தயங்கி நின்ற காவலரைப் படியுங்கள். ஆயிரம் பொற்கொல்லரைப் படியுங்கள். பிறகு உங்கள் ஊரைப் பாருங்கள். அடைபட்டவனுக்குக் காரணம் சொல்லப்பட்டதா? அவன் வீட்டாருக்குத் தெரிவிக்கப்பட்டதா? 24 மணி நேரம் கடந்துவிட்டதா? ஏழைக்கு இலவசச் சட்ட உதவி தர 1987ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த குழு மாவட்டந்தோறும் இருக்கிறது என்பதை அவனுக்கு எவரேனும் சொன்னார்களா? ஒவ்வொரு படிப்பகமும் இந்தக் கேள்விகளைக் கற்றுத் தரும் இடமாகட்டும்.

பிடிபட்டவன் நல்லவனா கெட்டவனா என்று பார்த்து இக்கேள்விகளை எழுப்பாதீர்கள். நம்மவனா மாற்றானா என்று பார்த்தும் எழுப்பாதீர்கள். உண்மைக் கள்வனான அந்தப் பொற்கொல்லனுக்கும் விசாரணை உண்டு என்று சொல்லும் துணிவு எவனுக்கு இருக்கிறதோ, அவனே கோவலனுக்காகப் பேசத் தகுதி பெற்றவன்.

சிலம்பை உடைத்து உண்மையைக் காட்ட ஒரு பெண் தன் வாழ்வையே இழக்க வேண்டியிருந்தது. அந்தச் சில விநாடிச் சோதனையை வாள் எழும் முன்பே நடத்தவைப்பது, இன்று நம் ஒவ்வொருவர் கடமை.